கட்டுமானத் தளத்துக் குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம்: எங்கிருந்து தொடங்குவது?

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக மாலைநேர வகுப்பு ஒன்றைத் தொடங்க உங்கள் அறக்கட்டளை எண்ணியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். கட்டுமானத் தளங்களிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துவதில் முன்னோடியான டெல்லியின் மொபைல் கிரெஷஸ் அமைப்பு எப்படி இயங்குகிறது, அதிலிருந்து ஒரு சிறிய உள்ளூர் அமைப்பு எதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலைநேர வகுப்பை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். தாய் வேலைக்கு இறங்கும் நேரத்தில் திறந்து, அவள் கைகால் கழுவிக்கொண்டு திரும்பும் வரை மூடாமல் இருக்கும் பகல்நேரக் காப்பகம் ஒன்றைத் தொடங்குங்கள். அதிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலிடம் கொடுங்கள். நீங்கள் பள்ளிக்கு அனுப்ப விரும்பும் பெரிய பிள்ளைகளுக்குமே இதுதான் வழி என்பதைக் கீழே விளக்குகிறேன்.

மொபைல் கிரெஷஸ் தொடங்கியது 1969-இல். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி டெல்லி ராஜ்காட் அருகே கண்காட்சி அரங்குகள் கட்டப்பட்டுவந்தன. செங்கல் சுமந்த பெண்களின் குழந்தைகள் அந்த மண்ணிலும் புழுதியிலும் கவனிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்ட மீரா மகாதேவன், அதே இடத்தில் ஒரு கூடாரத்தை அமைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். கடையரில் கடையருக்காக வாழ்ந்தவரின் நினைவுக்கு எழுப்பப்படும் கட்டடத்தின் நிழலிலேயே அந்தக் குழந்தைகள் கிடந்தது அவரை உலுக்கியது. பின்னர் இப்பணி மும்பைக்கும் புணேவுக்கும் பரவி, அங்குள்ள கிளைகள் காலப்போக்கில் தனி அமைப்புகளாக வளர்ந்தன. கட்டட வேலை முடிந்து தொழிலாளர் வேறிடம் போகும்போது காப்பகமும் மூடப்பட்டு, அடுத்த தளத்தில் திறக்கப்படும். நிலையான கட்டடத்தைத் தேடாமல், பெற்றோர் எங்கே வேலை செய்கிறார்களோ அங்கேயே போய் நிற்பது என்ற அந்த முதல் முடிவுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி.

கட்டுமானத் தளத்தில் ஒரு சிறு குழந்தையின் பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்பதை நேரில் பார்க்காமல் திட்டம் தீட்டக் கூடாது. கணவனும் மனைவியுமாக வேலைக்கு வருபவர்களில் ஆண் கொத்துவேலையோ கம்பி கட்டும் வேலையோ செய்கிறார். பெண் பெரும்பாலும் சித்தாளாகவே இருந்து, மணல் சலிப்பது, கலவை எடுத்துக் கொடுப்பது, செங்கல் சுமப்பது என்று நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறாள். அவர்கள் தங்கும் தகரக் கொட்டகைகளில் கோடைக்காலத்தின் நண்பகலில் பெரியவர்களாலேயே இருக்க முடியாது. ஆகவே கைக்குழந்தையைப் புடவைத் தூளியில் போட்டு வேலையிடத்துக்கே கொண்டுவருகிறார்கள். தவழத் தொடங்கிய குழந்தைக்கோ தூளி போதாது. மூடி போடாத நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கிக்காக விடப்பட்ட குழி, ஆணி துருத்தும் சென்டரிங் பலகை, பின்னால் வரும் லாரி ஆகியவற்றுக்கு நடுவில்தான் அது நடை பழகுகிறது. காயங்களும் உயிரிழப்பும் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். சிமென்ட் தூசியால் ஆறாத இருமல், ஈ மொய்த்த உணவால் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு, நேரத்துக்கு ஊட்ட ஆளின்றி எடை கூடாமல் நிற்பது ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன. உள்ளபடியே அதிகமான குழந்தைகளைத் தாக்குபவை இவைதான்.

குடும்பங்களின் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு மூத்த பெண்பிள்ளை. ஏழெட்டு வயதுச் சிறுமி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நிற்கிறாள். அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் தாய் தலையாட்டுவாரே தவிர அனுப்ப மாட்டார். அனுப்பினால் கைக்குழந்தைக்கு ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. மாலைநேர வகுப்பு நடத்தும்போது அவள் வருவாள். ஆனால் பகல் முழுவதும் குழந்தை சுமந்து களைத்துப்போய் வருவாள், பள்ளியில் பெயர் இல்லாதவளாகவே வருவாள். அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையைக் காலையிலேயே நீங்கள் வாங்கிக்கொண்டால், அவளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாதென்பதற்கான காரணம் அன்றே நீங்கிவிடுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்டோரிடம் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். மொபைல் கிரெஷஸ் தன் மையங்களைக் கைக்குழந்தைப் பிரிவு, மூன்று முதல் ஆறு வயது வரையிலான பாலர் பிரிவு, அதற்கு மேற்பட்டோருக்கான முறைசாராக் கல்விப் பிரிவு என்று மூன்றாக வகுத்துக்கொண்டதற்கும் இந்த அனுபவமே அடிப்படை. ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதேனும் ஓர் ஏற்பாடு இருந்தால்தான் அந்தக் குடும்பம் சிறியவர்களைக் காப்பகத்துக்கு அனுப்பும்.

இனி நேரம். அங்கன்வாடி இருக்கும்போது தனியாகக் காப்பகம் எதற்கு என்று அலுவலர்கள் உங்களைக் கேட்பார்கள். 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் மிகப் பெரிய சாதனை. அதிலும் தமிழ்நாட்டின் குழந்தைகள் மையங்கள், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தவை என்பதால், பல மாநிலங்களைவிட முன்னால் நிற்கின்றன. ஆனாலும் அங்கன்வாடி, மூன்று வயது நிரம்பியவர்களை முன்பருவக் கல்விக்காக அமரவைப்பதற்கே வடிவமைக்கப்பட்டது. அதற்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. அந்த மாவைக் காய்ச்சி ஊட்ட வேண்டியவள் நான்காம் மாடியில் கலவை சுமந்துகொண்டிருக்கிறாள் என்பதே இங்கு சிக்கல். மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்டம் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம், மாதத்துக்கு 26 நாட்கள் என்று வகுத்திருந்ததை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். கட்டுமானத் தளத்துக்கு அதுவும் போதாது. காலை எட்டரை அல்லது ஒன்பது மணிக்கு வேலை தொடங்குமானால் அதற்குச் சற்று முன்பாகவே திறக்க வேண்டும். மாலையில் கடைசித் தாய் வரும் வரை ஒருவர் இருக்க வேண்டும். நண்பகலில் மூடிவிடும் காப்பகம் தாய்க்கு அரைநாள் கூலியைக்கூட மீட்டுத் தராது, ஏனெனில் மேஸ்திரி அரைநாளுக்கு ஆள் எடுப்பதில்லை.

உள்ளே நடப்பது எளிமையானது, ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாதது. குழந்தை வந்ததும் முகம் கைகால் கழுவி, தேவைப்பட்டால் குளிப்பாட்டி, தலைவாரி, உடம்பில் சிரங்கோ காயமோ காய்ச்சலோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காலையில் ஏதேனும் ஒரு சிற்றுணவு, நண்பகலில் பருப்பும் காயும் சேர்த்துக் குழைய வேகவைத்த சோறு அல்லது கிச்சடி, மாலையில் சத்துமாவோ வாழைப்பழமோ முட்டையோ கொடுக்கலாம். ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. பெரியவர்களைப் போல ஒரே வேளையில் நிறைய உண்ண அதனால் முடியாது என்பதால் சிறுகச் சிறுகப் பல வேளைகள் ஊட்டுவதே வழி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கூடாது. ஆகவே தாய் வேலைக்கு நடுவே வந்து பால் கொடுத்துப் போக வேண்டும். இதற்கான இடைவேளையை மேஸ்திரியோடு பேசி முதல் நாளே உறுதிசெய்யாவிட்டால் பிறகு கிடைக்காது. காப்பகம் வேலையிடத்திலேயே, நடந்து வந்து திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். பக்கத்துத் தெருவில் நல்ல வாடகை வீடு கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர் என்பதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்பதே என் கணிப்பில் மேல் எல்லை. ஒருவர் ஒரு குழந்தைக்குத் துணி மாற்றும்போது மற்ற ஒன்பதையும் யார் பார்ப்பது என்று எண்ணிப்பாருங்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டப்படிப்பைக் காட்டிலும் குழந்தை அழும்போது முகம் சுளிக்காத இயல்பைப் பாருங்கள். மொபைல் கிரெஷஸ் எளிய குடும்பங்களைச் சேர்ந்த, அதிகம் படிக்க வாய்ப்பில்லாத பெண்களை எடுத்து, அவர்களுக்கு நீண்ட பயிற்சி கொடுத்து, தேர்ந்த பணியாளர்களாக ஆக்கியது. இன்று மற்ற அமைப்புகளுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் பயிற்சி அளிப்பதே அதன் முக்கியப் பணிகளில் ஒன்றாகிவிட்டது. உங்கள் பகுதியில் ஒடியா, வங்காளி, இந்தி, தெலுங்கு என்று பல மொழிக் குடும்பங்கள் இருக்கும். பணியாளர்களில் ஒருவரையாவது அந்தக் குடும்பங்களிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, வயிறு வலிக்கிறதா என்பது அதன் சொந்த மொழியில்தான் வெளிப்படும். தன் மொழி பேசும் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் தாயும் முதல் நாள் குழந்தையை விட்டுப் போவாள். பள்ளி வயதுப் பிள்ளைகள் தமிழை வெகு விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எடை பார்ப்பதையும் கை சுற்றளவு அளப்பதையும் மாதந்தோறும் செய்யுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, 12.5-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை. கடுமையான நிலையில் உள்ள குழந்தையை, அதிலும் பசியின்மையோ வீக்கமோ காய்ச்சலோ உள்ள குழந்தையை, காப்பகத்திலேயே தேற்றிவிடலாம் என்று வைத்துக்கொண்டிருக்காமல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். பெற்றோரோடு உங்களில் ஒருவரும் போக வேண்டும். மொழி தெரியாத ஊரில் புறநோயாளி வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழந்தவர்கள் இரண்டாம் முறை போக மாட்டார்கள். தடுப்பூசிக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரோடு பேசி, அவர் மாதத்துக்கு ஒரு நாள் காப்பகத்துக்கே வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட வேண்டியவையும் ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் இடம்பெயரும் குடும்பங்களில் விட்டுப்போவது மிக எளிது. எந்த ஊரில் எது போடப்பட்டது என்பதைச் சொல்லும் அட்டை பலரிடம் இருக்காது. தாய்–சேய் நல அட்டையைப் புதிதாகப் போட்டு, தெரிந்தவரை நிரப்பி, நெகிழி உறையில் வைத்துத் தாயிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் பீரோவில் வைக்காதீர்கள், அவர்கள் ஓர் இரவில் கிளம்பிவிடக்கூடும்.

பணம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நன்கொடை திரட்டுவது பற்றியே உங்கள் கடிதம் பேசுகிறது. ஆனால் முதல் பொறுப்பு கட்டுமான நிறுவனத்தினுடையது, அது சட்டப்படியே அவர்களுடையது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்காகத் தகுந்த அறைகள் அமைக்கப்பட வேண்டும் என்றது. அவை போதிய இடமும் வெளிச்சமும் காற்றோட்டமும் உடையவையாக, சுத்தமாக, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இந்தப் பிரிவு பெரும்பாலான தளங்களில் ஏட்டிலேயே நின்றது. ஒரே தளத்தில் வேலை பல துணை ஒப்பந்ததாரர்களிடம் பிரித்துக் கொடுக்கப்படுவதால் எந்த ஒருவரின் பதிவேட்டிலும் பெண்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை. கணவனும் மனைவியும் இணையாக வேலை செய்து, கூலி கணவன் பெயரில் எழுதப்படும்போது மனைவி பதிவேட்டிலேயே வருவதில்லை. ஐம்பது பெண்கள் என்ற வரம்பே தவறானது என்பது என் உறுதியான கருத்து. பெண்களின் எண்ணிக்கையை வைத்துக் காப்பகம் கட்டாயமாக்கப்படும்போது, பெண்களைக் குறைவாகக் காட்டுவதில் முதலாளிக்கு ஆதாயம் உண்டாகிறது. குழந்தை தாய்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் சட்டத்திலேயே பதிந்துவிடுகிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் ஆண், பெண் என்று பிரிக்காமல் ஐம்பது பணியாளர் என்று கணக்கிட்டது நல்ல மாற்றம். உங்கள் தளத்துக்கு இன்றைய நிலையில் எந்த விதி பொருந்தும் என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொண்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் போங்கள்.

நிறுவனம் இதற்குத் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, அதாவது கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி இலாபத்தில் ஒதுக்கும் இரண்டு விழுக்காட்டிலிருந்து, தருவதாகச் சொல்லக்கூடும். பிற சட்டங்களின்படி செய்தே ஆக வேண்டிய கடமைகளுக்காகச் செலவிடுவதை அந்நிதியின் கணக்கில் காட்டக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. ஆகவே சட்டப்படி காப்பகம் அமைத்தாக வேண்டிய தளத்தில் அது கட்டுமானச் செலவின் ஒரு பகுதியாகவே வர வேண்டும். தலைக்கவசத்துக்கும் சாரத்துக்கும் எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குகிறார்களோ அதே தலைப்பில் காப்பகத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மொபைல் கிரெஷஸ் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் முறையில் இடம், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றைக் கட்டுநரே தருகிறார், நடத்தும் செலவிலும் பங்கேற்கிறார். அமைப்பின் நன்கொடை மீதியை ஈடுசெய்கிறது. கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வையாக வசூலிக்கப்பட்டு நல வாரியத்துக்குச் செல்வதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதலே இருக்கிறது. நாடு முழுவதும் இந்தத் தீர்வைப் பணம் பெருமளவு செலவிடப்படாமல் தேங்கிக் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2018-இல் கடுமையாகக் கண்டித்தது. பெற்றோரை வாரியத்தில் பதிவுசெய்ய உதவுவதைக் காப்பகப் பணியின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். பதிவுக்குப் பதினெட்டு முதல் அறுபது வயதும், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தொண்ணூறு நாள் வேலையும் வேண்டும். அந்தத் தொண்ணூறு நாளுக்குச் சான்று தர மேஸ்திரிகள் தயங்குவார்கள், அங்கேதான் உங்கள் துணை தேவைப்படும்.

குடும்பங்களோடு பேசுவதற்கு உகந்த நேரம் மாலையில் குழந்தையைத் தூக்கிச் செல்ல வரும் அந்தச் சில நிமிடங்களும், வேலை இல்லாத விடுமுறை நாளும்தான். இன்று என்ன உண்டது, எவ்வளவு நேரம் தூங்கியது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். தந்தையர் வந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புசர்க்கரைக் கரைசல், கர்ப்ப காலத்தில் செவிலியரிடம் பதிவு, சிறுமியருக்கு முன்கூட்டியே நடக்கும் திருமணம் போன்றவற்றை மொபைல் கிரெஷஸ் வீதி நாடகமாகவே நடத்திக் கொட்டகைகளுக்குள் கொண்டுபோயிருக்கிறது. அடி, உதை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றின் அடையாளம் ஒரு குழந்தையிடம் தெரிந்தால் பணியாளர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வைத்திருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பணியில் சேரும் ஒவ்வொருவரைப் பற்றியும், தன்னார்வலர் உட்பட, விசாரித்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஆறு வயது நிரம்பியவர்களைக் காப்பகத்திலேயே வைத்துப் பாடம் நடத்தும் ஆசை உங்களுக்கு வரும். அதற்கு இடம் கொடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, வயதுச் சான்று இல்லையென்ற காரணத்தால் எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது; வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். கல்வியாண்டின் நடுவிலும் சேர்க்கலாம். தலைமையாசிரியரை முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசிவைத்து, முதல் சில வாரங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று விட்டுவரவும் கூட்டிவரவும் ஒருவரை அமர்த்துங்கள். அதுவே போதும். அவர்கள் பள்ளி விட்டு வந்த பிறகு, பெற்றோர் திரும்பும் வரை இருக்கும் இடைவெளியில் நீங்கள் முதலில் எண்ணிய மாலைநேர வகுப்பை வைத்துக்கொள்ளலாம். அப்போது அது பள்ளிப் பாடத்துக்குத் துணையாக அமையும்.

தனியாகச் செய்ய வேண்டாம் என்றும் சொல்வேன். முறைசாராத் தொழில் செய்யும் பெண்களின் சேவா அமைப்பை நிறுவிய எலா பட் தலைமையிலான தேசிய ஆணையம் 1988-இல் அளித்த ஷ்ரம்சக்தி அறிக்கை, முறைசாராத் துறைப் பெண்களின் உழைப்பும் குழந்தைப் பராமரிப்பும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை எடுத்துக்காட்டியது. அதைத் தொடர்ந்து 1989-இல் காப்பகப் பணிகளுக்கான ஃபோர்சஸ் என்ற கூட்டமைப்பு உருவானது. தமிழ்நாட்டிலும் அதன் கிளை செயல்பட்டு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துவந்திருக்கிறது. அவர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் பயிற்சிக்கும், அலுவலர்களோடு பேசுவதற்கும் வழி பிறக்கும்.

கட்டடம் முடியும் நாளைத் தொடங்கும் நாளிலேயே கணக்கில் வையுங்கள். ஒரு தளத்தில் குடும்பங்கள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் இருக்கும். தரை போடும் கட்டமும் பூச்சுக் கட்டமும் வரும்போது ஆட்கள் மாறுவார்கள், குழந்தைகளின் எண்ணிக்கை திடீரெனக் குறையும். நிறுவனத்தோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அடித்தளம் போடத் தொடங்கும் நாள் முதல் கடைசிக் குடும்பம் வெளியேறும் நாள் வரை காப்பகம் இருக்கும் என்பதையும், அதே நிறுவனத்தின் அடுத்த தளத்தில் அது தொடரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை தரைத்தளத்தில், சாரத்திலிருந்து விலகி, கழிப்பறையும் கைகழுவும் குழாயும் பக்கத்திலேயே உள்ளதாக இருக்க வேண்டும், தகரக் கூரையானால் அதன்கீழ் வெப்பம் தடுக்கும் தளம் வேண்டும். இவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது நன்கொடை வேண்டுகோள் கடிதத்துக்குப் பதிலாக, அந்தத் தளத்தில் இப்போது தங்கியிருக்கும் குடும்பங்களில் ஆறு வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள், அவர்களில் மூன்றுக்குக் கீழ் எத்தனை, அவர்களைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகாமல் நிற்கும் பிள்ளைகள் எத்தனை என்று கொட்டகை கொட்டகையாகப் போய் எடுத்த ஒரு பட்டியலைக் கொண்டுசெல்லுங்கள்.